வரவேற்புரையில் சொல்ல வேண்டியது

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கூட்டம் என்றால் பந்தல், மைக், மாலை எல்லாவற்றையும் நாம் ஒழுங்காகச் செய்துவிடுகிறோம். வரவேற்புரையை மட்டும் கடைசி நேரத்தில் யாராவது ஒருவரின் தலையில் கட்டிவிடுகிறோம். அவர் மேடையில் இருப்பவர்களின் பெயர்களையும் பட்டங்களையும் அடுக்கி, "வருக வருக" என்று முடிப்பதற்குள் கால்மணி நேரம் போய்விடுகிறது.

கீழே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவை முடித்து, கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவர்கள். அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. நமது வரவேற்புரை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். 1930களில் கோ. நடேசய்யரின் கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் பாடினார். பிரமுகர்களைப் புகழ அல்ல, தொழிலாளரைத் திரட்டவே பாடினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரமுகர்கள் பலர் தமது பேச்சு முடிந்ததும் அடுத்த கூட்டத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நன்றியுரையை அவர்கள் கேட்பதில்லை. வரவேற்புரையின்போது மட்டும் கட்டாயம் மேடையில் இருப்பார்கள். அதற்குப் பிறகுதான் பேசுவார்கள். நமது கோரிக்கையை அப்போதே சொல்லிவிட்டால், அதற்குப் பதில் சொல்லாமல் அவர்கள் பேசி முடிப்பது கடினம்.

ஆனால் வரவேற்புரையில் சண்டை வேண்டாம். மரியாதை குறையாமல் இப்படிச் சொல்லலாம்: "ஐயா, எங்கள் தோட்டத்துக்கு வந்ததற்கு நன்றி. நீங்கள் ஏறிவந்த இந்தப் பாதையில்தான் பிரசவத்துக்கு எங்கள் பெண்களை லொறியில் ஏற்றிச் செல்கிறோம். பாதை எப்போது திருத்தப்படும் என்று உங்கள் உரையில் கேட்க இத்தனை பேரும் காத்திருக்கிறோம்." ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை போதும். பத்தைச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது.

புகழ்ச்சியிலும் அளவு வேண்டும். "மலையகத்தின் விடிவெள்ளியே" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு, வீட்டுத்திட்டம் ஏன் நின்றுபோனது என்று அதே வாயால் எப்படிக் கேட்பது? செய்த வேலை இருந்தால் அதைச் சொல்லி நன்றி கூறுவோம். அது போதும்.

எழுதும் முறை இதுதான். கொப்பியில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும். பெயரையும் பதவியையும் முதல் நாளே விசாரித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிங்கள அதிகாரிகள் வந்தால் அவர்களை இரண்டு வரி சிங்களத்தில் வரவேற்பது நல்லது. வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

உயிர்நீத்த தோழர்களையும் மறக்கக்கூடாது. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். இருவரும் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் பலியானவர்கள். அவர்கள் பெயரைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். கேட்கும் பிள்ளைகள் வீட்டில் போய் "யார் அவர்கள்?" என்று விசாரிப்பார்கள்.

கடைசியாக, அடுத்த கூட்டத்தில் வரவேற்புரையைக் கொழுந்தெடுக்கும் தோழி ஒருவரிடம் கொடுங்கள். அந்தப் பாதையில் நடப்பவர் அவர். அவர் கேட்டால் யாரும் தட்டிக்கழிப்பது இலகுவல்ல. எழுத உதவி தேவையென்றால் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.