அகதி என்று யாரை அழைத்தோம்?
(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வெள்ளி விழாவில் பேசுவோர் சங்கத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. செயலாளர் அவர்கள் தமது அறிக்கையில் அதனைச் செவ்வனே செய்துவிட்டார். ஆகையால் வேறொன்றைப் பேச நான் அனுமதி கேட்டேன். இம்மலைக்கு நமக்குப் பின்னால் வந்து சேர்ந்த மக்களை நாம் எப்படி நடத்தினோம், இனி எப்படி நடத்தப் போகிறோம் என்பதே என் பேச்சு. அதில் என் குற்றத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லைன் வீட்டில் பிறந்தவன் நான். என் பாட்டனார் கங்காணியின் பின்னால் சேலத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர். 1970-களில் ஒரு மழைக்கால மாலையில் எங்கள் லைனுக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. தகரப் பெட்டிகளோடும் பாய்ச் சுருட்டுகளோடும் இரண்டு குடும்பங்கள் இறங்கின. மறுநாள் அவ்வீட்டுப் பெண்கள் கொழுந்து பறித்த வேகத்தைக் கண்டு எங்கள் பெண்கள் வியந்தார்கள். வியந்த வாயாலேயே, கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்றும் ஏசினார்கள். அக்குடும்பத்துப் பையன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். புகைவண்டியைக் கோச்சி என்பான். நாங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, "சிலோன் அகதி, சிலோன் அகதி" என்று கூவுவோம். கூவியவர்களுக்குத் தலைவன் வேறு யாருமல்லன், உங்கள் முன் நிற்கும் நான்தான்.

அவன் அகதி அல்லன் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அவனுடைய முன்னோர் நம் முன்னோரைப் போலவே பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டு, 1820-கள் முதற்கொண்டு இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்த்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குலத்தினரே. கங்காணி ஒருவன் இடப்பக்கம் திரும்பியிருந்தால் அவர்கள் நீலகிரியிலும் நாம் அட்டனிலும் பிறந்திருப்போம், வேறுபாடு அவ்வளவே.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974-இல் இந்திரா காந்தி அம்மையார் காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சந்தையில் மாடு பிரிப்பவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இம்மக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து அவர்கள் வந்தார்கள். கையில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. பலருக்கு வியாபாரக் கடன் என்று ஒரு தொகை தரப்பட்டது. தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்தவன் சமவெளிச் சிற்றூரில் என்ன வியாபாரம் செய்வான்? பணம் தரகர்களிடம் கரைந்தது. கடைசியில் தெரிந்த தொழிலைத் தேடி மலைக்கு ஏறினார்கள். அவர்களுக்கென்றே 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, நாம் டான்டீ என்று சொல்லும் நிறுவனமாக, வளர்ந்தது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் குந்தாவிலும் கூடலூர், பந்தலூரிலும் காட்டைத் திருத்திக் கன்று நட்டவை அவர்கள் கைகள். அங்கு வேலை கிடைக்காதோர் தனியார் தோட்டங்களிலும், கூடலூரில் பட்டா இல்லாத பிரிவு 17 நிலங்களிலும் குடிசை போட்டுத் தங்கினர்.

இவ்வளவும் படித்த பின், "அவர்கள் அகதிகள் அல்லர், இந்தியக் குடிமக்கள்" என்று மேடைதோறும் பேசினேன். கைதட்டல் கிடைத்தது. ஒருநாள் கூட்டம் முடிந்ததும் ஒரு மூதாட்டி என்னிடம் வந்து, "தம்பி, நாங்க அகதி இல்லேன்னு சொன்னீங்க, சரி. முகாம்ல இருக்கிற என் தங்கச்சி அகதிதானே, அவளை வையலாமா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அந்த அம்மாவின் கேள்வியை நீங்களும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரே லயத்தில் பிறந்த அக்காள் தங்கை இருவர். அக்காள் 1979-இல் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தாள், குடிமகள். தங்கை தன் முறைக்காகக் காத்திருந்தாள். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தது. 1984-இல் கப்பலும் நின்றது. உயிருக்கு அஞ்சிப் படகில் வந்தாள், அகதி. சட்டத்தின் கணக்கில், உரிய ஆவணமின்றி நுழைந்தவள். 1951-ஆம் ஆண்டின் உலக அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆகவே அவள் வாழ்வு அரசாணைகளின் தயவில் நடக்கிறது. கணக்கெடுப்பு நாளில் முகாமில் இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று அஞ்சி, உறவினர் சாவுக்குக்கூடத் தயங்கிப் போவோர் இருக்கிறார்கள்.

2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே கருதிற்று; இலங்கையிலிருந்து வந்தோரை விட்டுவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், திருச்சி மாவட்ட முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் குடியுரிமை கோரிப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2022-இல், மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டது. 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். அப்பெண்ணைக் காப்பாற்றியது பிறப்புச் சான்றிதழ் என்னும் ஒற்றைத் தாள். அந்தத் தாளைத் தேடிக் கொடுக்க ஆளில்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

அகதி முகாம்கள் 2021 முதல் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் பெற்றன. பெயர் மாறியதை நான் சிறிதாக எண்ணவில்லை. பெயரால் புண்பட்ட குலத்தில் பிறந்தவன் அப்படி எண்ணமாட்டான். ஆயினும் முகாம் முகாமாகவே இருக்கிறது.

போன மாதம் நிர்வாகக் குழுவில் ஓர் இளைஞர் எழுந்து, "நமக்கே வீடில்லை, பட்டா இல்லை, மற்றவர்களுக்காக நாம் ஏன் அலைய வேண்டும்?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அவரைக் கடிந்துகொண்டவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு நான் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2022-இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திரும்ப ஒப்படைப்பதென்று முடிவாயிற்று. கூடலூர், பந்தலூர்த் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஓய்வு பெற்றவர் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்ட விதி. நாற்பதாண்டு உழைத்த கிழவி ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போவாள்? ஓய்வு பெற்றோருக்கு வீடு கட்டித்தரும் திட்டத்தை அரசு அறிவித்தது என்றால், அந்தப் போராட்டமும் மனுக்களும் அதற்கு முன்னால் நடந்தவை. தம்பி, தனியார் தோட்டத்து லைனில் வாழும் உங்கள் தாயாருக்கும் அதே விதிதான். அவர்களுக்கு ஒரு வழி பிறந்தால் அதைக் காட்டி நாமும் கேட்கலாம். அவர்கள் வெளியேற்றப்பட்டால் அதைக் காட்டி நம்மையும் வெளியேற்றுவார்கள்.

மேலும், மனு எழுதுவது இம்மலையில் நமக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் வாழ்ந்த மலை இது. இரட்டைமலை சீனிவாசனார் கணக்கராகப் பணிபுரிந்த மலை இது. 1891 டிசம்பரில் பண்டிதரின் திராவிட மகாஜன சபை இதே நீலகிரியில் கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றிற்று. வாக்குரிமையும் சட்டமன்றமும் கனவிலும் இல்லாத காலத்தில் அவர்கள் தாளை நம்பினார்கள்.

நம் சங்கம் செய்ததில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன், ஏனெனில் செயலாளர் அதை அறிக்கையில் ஒரே வரியில் முடித்துவிட்டார். தாயகம் திரும்பிய குடும்பத்து மாணவி ஒருத்தி கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்திற்கு நடந்தாள். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பாட்டனாரின் பூர்வீக ஊருக்கு ஆதாரம் வேண்டுமாம். நம் இளைஞர் இருவர் அவள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து, கடவுச்சீட்டில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறித் திருச்சிப் பக்கத்து அந்த ஊருக்கே போனார்கள். சேரியில் ஒரு முதியவர் அந்தக் குடும்பத்துப் பெயரைச் சொன்னவுடன், "கண்டிக்குப் போனவங்க பேரப்பிள்ளைகளா?" என்று கேட்டு அழுதாராம். அவருடைய வாக்குமூலத்தோடு விண்ணப்பம் நான்காம் முறை போயிற்று, சான்றிதழ் வந்தது. அம்மாணவி இன்று ஆசிரியை. அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

வரும் ஞாயிறு முதல் சங்கக் கட்டடத்தில் காலை பத்து மணிக்கு மனு எழுதும் மேசை போடப்படும். கூடலூரிலிருந்து வருவோருக்கு முதல் பேருந்து பிந்தினால் காத்திருப்போம். முகாம்களில் உறவினர் உள்ளவர்கள் 1987-க்கு முன் பிறந்தோரின் பெயர்களையும், பிறந்த ஊர், பிறந்த மருத்துவமனை விவரங்களையும் கேட்டு எழுதி வாருங்கள். பழைய குடும்ப அட்டைகளைப் படியெடுத்துக் கொண்டுவாருங்கள். மூலத்தை எவரிடமும், என்னிடமும் கூட, கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். என்னோடு படித்த அந்தக் கோச்சிப் பையன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். முதல் நாள் மேசையில் என் பக்கத்தில் அமர்ந்து எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாயிருக்கும்.