அட்வான்ஸ் யாருடைய பணம்?

புரோக்கரும் மேனேஜரும் இல்லாமல் தன் வீட்டைத் தானே வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான எபிசோட் இது. கீழே நாம, மேலே ரெண்டு போர்ஷன், மொட்டை மாடியில் ஒரு ரூம். நம்ம நேயர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி ஆட்கள்தான். குரோம்பேட்டையில் மூணு போர்ஷன் வச்சிருக்கிற நானும் அப்படித்தான்.

உங்ககிட்டேயிருந்து வர்ற கேள்விகள் நிறைய ஒரே இடத்துல வந்து நிக்குது: வீடு காலி பண்ற நாள். அஞ்சு வருஷம் பொங்கல் கொடுத்து வாங்கின குடும்பங்கள், அந்த ஒரு நாள்ல பேச்சு வார்த்தை இல்லாமப் போயிடறாங்க. காரணம் எப்பவும் அட்வான்ஸ்தான்.

சென்னையில் பத்து மாச அட்வான்ஸ் ரொம்ப நாளாகவே பழக்கம். 15,000 வாடகைன்னா ஒன்றரை லட்சம். அந்தப் பணம் கைக்கு வந்ததும் மாடிக்கு கிரில் போடறோம், பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டறோம். அப்புறம் அவர் காலி பண்றேன்னு வந்தா, "அடுத்த பார்ட்டி வரட்டும் தம்பி, செட்டில் பண்ணிடறேன்" என்கிறோம். அவர் போகிற வீட்டு ஓனர் காத்திருப்பாரா? அந்த ஒன்றரை லட்சத்தை அவர் வட்டிக்கு வாங்கித்தான் அங்கே கட்டுவார். நம்ம வீட்டு கிரிலுக்கு அவர் வட்டி கட்டறார். இதைக் கொஞ்சம் யோசிங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1960ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போ இல்லை. 2017ல இயற்றின புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணி எண் வாங்கணும். பதினொரு மாச ஒப்பந்தமா இருந்தாலும் சரி. அட்வான்ஸ், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் தவிர, மூணு மாச வாடகைக்கு மேல கூடாது. வீட்டைக் காலி பண்ணினா, பாக்கியைக் கழிச்சுக்கிட்டு மீதியை ஒரு மாசத்துக்குள்ள திருப்பணும். அடுத்த ஆள் வந்தாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூணு மாசம் மட்டும் வாங்கினா நமக்கு என்ன பாதுகாப்புன்னு கேட்பீங்க. பத்து மாசம் வாங்கினவங்கதான் பாக்கியை எட்டு மாசம் வரைக்கும் இழுக்க விடறாங்க, அதுதான் என் அனுபவம். ரெண்டு மாச வாடகை பாக்கி நின்னாலே காலி பண்ணச் சொல்லி மனு போட சட்டத்தில் இடம் இருக்கு. முதல் மாசம் தவறினதும் எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, கேளுங்க. கோபத்துல தண்ணியையோ கரண்டையோ மட்டும் நிறுத்திடாதீங்க. அது சட்டப்படி தப்பு, அப்புறம் கேஸ் நம்ம மேல திரும்பும்.

வாங்கின அட்வான்ஸை அப்படியே ஒரு எஃப்.டி.யில் போடுங்க. வாடகை வர்ற அக்கவுண்ட்டோட கலக்காதீங்க. அட்வான்சுக்கு வட்டி கேட்கிற பழக்கம் இங்கே இல்லை. அந்த வட்டியே நமக்கு லாபம்தான்.

அடுத்தது பெயிண்ட். காலி பண்ணும்போது ஒரு மாச வாடகையைப் பெயிண்டுக்குன்னு பிடிக்கிறதை நாம ஏதோ தர்மம் மாதிரி வச்சிருக்கோம். இந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் படிச்சுப் பாருங்க. சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் லைன் மாத்துவது, வயரிங், கட்டட ரிப்பேர் எல்லாம் ஓனர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீஸர், வாஷ் பேசின், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கலாம். எழுதாம விட்டுட்டு கடைசி நாள்ல "எங்க ஏரியா வழக்கம்"னு சொன்னா அது எடுபடாது.

பழசாகிறது வேற, உடைக்கிறது வேற. நாலு வருஷத்துல சுவர் மங்கினா அது வயசு. நம்ம பக்கம் போர் தண்ணியில் உப்பு ஜாஸ்தி. குழாயில் வெள்ளையாகப் படிஞ்சிருக்கிறதுக்கு யாரைக் குற்றம் சொல்றது? ஆனா டிவி மாட்ட டிரில் போட்டு டைல்ஸைப் பிளந்திருந்தா, அதுக்குக் காசு கேட்கலாம், தப்பில்லை.

இதுக்கு ஆதாரம் வேணும். அதனால சாவி கொடுக்கிற அன்னிக்கு, சாமான் இறக்கறதுக்கு முன்னால, அவரோட சேர்ந்து வீடு முழுக்க நடங்க. போன்ல வீடியோ எடுங்க. கிச்சன் மேடைக்குக் கீழே, பாத்ரூம் கதவோட அடிப்பக்கம், சீலிங் ஓரத்து ஈரம், எதையும் விடாதீங்க. இருக்கிற குறையையும் நீங்களே சொல்லுங்க. ஃபேன் எத்தனை, சாவி எத்தனைன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அரை மணி நேர வேலை. வீடியோவை அவருக்கும் அனுப்பிடுங்க, நம்மகிட்ட மட்டும் இருந்தா அவருக்குச் சந்தேகம் வரும். என் மாடியில் இருந்த பொண்ணு போன வருஷம் காலி பண்ணினப்போ, "ஆன்ட்டி, இந்தக் கீறல் நான் வரும்போதே இருந்துச்சு"ன்னுச்சு. வீடியோவைப் போட்டுப் பார்த்தோம், இருந்தது. விஷயம் அதோட முடிஞ்சது.

கடைசியா இபி. ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கிறாங்க. நடுவுல காலி பண்ணினா, மீட்டரை ரெண்டு பேருமா போட்டோ எடுங்க. யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். அடுத்து வர்றவர் ஓட்டுற ஏசிக்கும் சேர்த்து பில் வரும்போது, பழைய ஆளோட பங்கை யூனிட் கணக்குல பிரிச்சா அவருக்கு அநியாயமாகலாம். அவர் விட்டுப்போன ரீடிங் வரைக்கும் தனியா ஒரு பில் வந்திருந்தா எவ்வளவோ, அதை மட்டும் பிடிங்க. முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் அவர் கணக்கிலேயே கழிச்சுடுங்க.

எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதுங்க: அட்வான்ஸ் இவ்வளவு, வாடகை பாக்கி இவ்வளவு, இபி இவ்வளவு, டைல்ஸுக்கு பில்லோட இவ்வளவு, மீதி இவ்வளவு. சாவி வாங்குற அன்னிக்கே மீதியை பேங்க்ல போட்டுட்டு, அந்தத் தாள்ல அவர் கையெழுத்தும் வாங்கிடுங்க.

மூணு போர்ஷனுக்கு ஒரே மோட்டார் இருந்தா அந்த கரண்ட் பில்லை எப்படிப் பிரிக்கிறதுன்னு தாம்பரத்திலிருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். அது பெரிய கணக்கு, அடுத்த வாரம் பேசுவோம்.