வணிகக் கணக்கும் காப்புப் படியும்

 

விழா மேடையில் கணினியைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்தது கணினியைப் பற்றி அன்று, கணக்கைப் பற்றி. சரக்கு அழிந்தால் மீண்டும் வாங்கலாம். நமக்குத் தர வேண்டியவர் யார், நாம் தர வேண்டியது யாருக்கு என்பது அழிந்தால் எதைக் கொண்டு மீட்பது? அன்று பேரேட்டிலும் சிட்டாவிலும் இருந்த அந்தக் கணக்கு, இன்று ஒரு ஹார்டு டிஸ்கினுள் அடங்கியிருக்கிறது. அது என்று பழுதாகும் என்பதை எவராலும் கூற இயலாது.

பல ஆண்டுகளாகக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்து வருபவன் நான். ஒரு பாத்திரக் கடையில் என் கண்முன் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அக்கடையின் கணக்கர் பொறுப்பு மிக்கவர். நாள்தோறும் கடை அடைக்குமுன் பென் டிரைவில் படி எடுத்துவிட்டே வீடு செல்வார். மூன்று ஆண்டுகளில் ஒருநாளும் தவறியதில்லை. ஒரு காலையில் கணினி இயங்கவில்லை. கணக்கர் கலங்கவில்லை, “பென் டிரைவ் இருக்கிறது ஐயா” என்றார். வேறொரு கணினியில் அதைத் திறந்தோம். உள்ளே கணக்கு இல்லை. கணக்கு மென்பொருளைத் திறப்பதற்காகத் திரையில் வைத்திருந்த ‘ஷார்ட்கட்’ சின்னம் மட்டுமே இருந்தது. வீட்டைக் காப்பதாக எண்ணி, வீட்டிற்கு வழிகாட்டும் பலகையைக் காத்திருக்கிறார்!

அவரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. மாதந்தோறும் அக்கடைக்குச் சென்ற நானும், அந்தப் படியை ஒருமுறையேனும் திறந்து பார்க்கச் சொன்னதில்லை. காகிதப் பட்டியல்களைக் கொண்டு கணக்கை மீண்டும் எழுத நான்கு மாதங்கள் ஆயின. கேட்குமுன்னரே தம் பாக்கியைக் கூறியவர்களும் உண்டு. வாய் திறவாதவர்களும் உண்டு. ஆனால், உரிமையாளரை உறங்கவிடாமல் செய்தது வராத பணம் அன்று. தாம் கொடுக்க வேண்டிய எவருக்கேனும் கொடுக்காமல் விட்டுவிட்டோமோ என்ற அச்சமே.

இது சிறு கடைகளுக்கு மட்டும் நேர்வதன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஐந்து வகையான காப்பு முறைகள் இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை என்று அந்நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. அழிவதற்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காக எடுத்திருந்த படியே அவர்களைக் காத்தது.

‘பேக்கப்’ என வழங்கும் காப்புப் படிக்கு வல்லுநர் கூறும் எளிய நெறி ஒன்று உண்டு: கணக்கு மூன்று படிகளாக இருக்க வேண்டும், அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்ததை நாம் அறிவோம். கணினியும், அதன் மேசை அறையில் வைத்த படியும் ஒரே நீரில்தான் மூழ்கும்.

படி எடுத்தவுடன் சாதனத்தைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் புகுந்தால், செருகியிருக்கும் படியையும் சேர்த்தே பூட்டும். இணையச் சேமிப்பில் தானாகப் பதிவாகிறது என்று மட்டும் நம்பியிராதீர்கள். இங்கே அழித்தது அங்கும் அழியக்கூடும். ஆகவே முந்தைய நாள்களின் படிகளும் தங்க வேண்டும். கடவுச்சொல்லை நம்பிக்கைக்குரிய இருவர் அறிந்திருக்க வேண்டும்.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பேண வேண்டும். விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்திற்குள் மீட்கத்தக்க முறையில் மின்னணுப் படி வைத்திருக்க வேண்டும் என்பது அதன் 57ஆம் விதி. ‘மீட்கத்தக்க’ என்னும் சொல்லைக் கருதிப் பாருங்கள். படி எடுப்பது பாதி வேலை. மீட்டுப் பார்ப்பது மறுபாதி.

ஆதலின், மாதம் ஒருமுறை அந்தப் படியை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். கடைசிப் பதிவின் தேதி சரியா? ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் நிலுவை, காகிதப் பட்டியலோடு ஒத்துவருகிறதா? பார்த்த நாளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அரை மணி நேரம் போதும். அந்தப் பாத்திரக் கடையில் இன்றும் அவ்வாறே நடைபெறுகிறது. கையொப்பமிடுபவர் அதே கணக்கர்தாம்.

நம்மை நம்பிக் கடன் கொடுத்தவர்களின் பெயர்களும் அந்தக் கணக்கில்தான் உள்ளன. அதனைக் காப்பது அவர்களுக்கு நாம் செய்யும் கடமை. நாளை கடை திறந்ததும் முதல் வேலையாக உங்கள் படியைத் திறந்து பாருங்கள் என்று வேண்டி அமைகின்றேன்.