வாய் உரைக்கும் உண்மை



அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். உடலின் நலிவு சிலவேளை வாயிலே தெரியும்.

1986 இல் சென்னையிலே டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். பின்னர் அந்நகரின் ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியினர் தொற்றுள்ளோரின் வாயைச் சோதித்தபோது, ஈறு அழற்சியும் வெண்படலமும் மிகுதியாய்க் காணப்பட்டன.

நாவிலே தயிர் படிந்தாற்போன்ற இவ்வெண்படலம் பூஞ்சணத்தால் உண்டாவது. துடைத்தால் பெயரும்; அடியிலே சிவந்திருக்கும். நாவின் ஓரத்திலே வரிவரியாய்த் தோன்றும் இன்னொரு வெண்மையோ துடைத்தாலும் போகாது. எதிர்ப்புச் சக்தி குன்றியதை இவை உணர்த்தும்.

ஆயினும் நீரிழிவுக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் வெண்படலம் வருவதுண்டு. வெற்றிலையோடு புகையிலை போடுவோருக்கு வேறுவகை வெள்ளைத் தழும்பும் வரும். ஆகையால், வாயைப் பார்த்துப் பழி சுமத்தாதீர்கள். இரத்தப் பரிசோதனையே முடிவு சொல்லும்.

ஒரே குவளையிலே தேநீர் அருந்துவதாலோ, நம் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் அன்னதானப் பந்தியிலே அருகிருந்து உண்பதாலோ இந்நோய் தொற்றாது. நாம் ஒதுக்குவோம் என்று அஞ்சியே பலர் மறைக்கின்றனர், மறைத்தே மடிகின்றனர். அரசாங்கச் சிகிச்சை நிலையங்களிலே பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்தை ஒழுங்காய் உட்கொண்டால் எதிர்ப்புச் சக்தி மீளும், வாய்ப்புண்ணும் குறையும்.

இரண்டு வாரம் ஆறாத வாய்ப்புண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள். வாலிபர்களே, அஞ்சி நிற்பவருக்கு வழித்துணையாய்ச் செல்லுங்கள்!