முதிர்ந்த இலை சொல்லும் சேதி

சென்னைக்கு வந்தால், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்க. அங்கே உவர்ச் சேற்றில் உமரிச் செடி வளர்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரோடு உப்பும் இலைக்கு ஏறும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு இலையிலேயே தங்கிவிடும். இலைக்கு வயது ஏற ஏற உப்பும் ஏறும். கடைசியில் முதிர்ந்த இலை சிவந்து, அந்த உப்போடு உதிர்ந்துவிடும்.

நம்ம பயிரிலும் இதே கதைதான். ஆனால் உமரி மாதிரி அது உப்பைத் தாங்காது. கிணற்று நீர் உவராக இருந்தால், முதலில் அடி இலையின் நுனியும் ஓரமும் கருகும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போறாங்க. சாம்பல்சத்து குறைந்தாலும் அடி இலை ஓரம்தான் கருகும். ஏன்னா, பயிர் கிழட்டு இலையில் உள்ள சாம்பல்சத்தை எடுத்து இளங்குருத்துக்குக் கொடுத்துவிடும். ஒன்றில் உப்பு கூடிப்போச்சு, மற்றதில் சத்து குறைஞ்சுபோச்சு. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு! உப்பால் கருகிய பயிருக்கு மியூரியேட் ஆப் பொட்டாஷைக் கொட்டினால், அதுவும் குளோரைடு உப்புதானே? காசும் போகும், கருகலும் கூடும். ஆகவே உரக்கடைக்குப் போகுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்க.

தழைச்சத்தும் இப்படி இடம் மாறக்கூடியதே. அது குறைந்தால் அடி இலை மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படியில்லை; ஏறிய இலையை விட்டு எளிதில் நகராது. அதனால் அடி இலை பச்சையாக இருக்க, குருத்து வெளுக்கும். நிலக்கடலையிலும் கரும்பிலும் பார்த்திருப்பீங்க. இதற்கு 10 லிட்டர் தண்ணீரில் 50 முதல் 100 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். இளம் இலை நன்றாக நனையணும். முதிர்ந்த இலையில் மெழுகுத்தோல் தடித்திருப்பதால் சத்து உள்ளே போவது குறைவு. அடுத்து வரும் குருத்தும் வெளுத்தால், சுமார் 10 நாள் விட்டு மறுபடி தெளிங்க.

நாளைக் காலையில் வயலுக்குப் போனதும், முதலில் நிறம் மாறியது அடி இலையா, குருத்தா என்று பாருங்க. உர மூட்டையை அப்புறம் பிரிக்கலாம்.