உயரத்தில் ஒரு கட்டில்



இடம் சுருங்கிய நகரத்து வீடுகளிலே பிள்ளைகளுக்கென உயரமான கட்டில் வாங்கும் வழக்கம் பரவி வருகின்றது. மேலே படுக்கை, கீழே படிக்கும் மேசை. கடையிலிருந்து அது கட்டிலாக வருவதில்லை. சட்டங்களும் பலகைகளும் திருகாணிகளுமாகப் பெட்டிக்குள் அடங்கி வருகின்றது. எழுத்தே இல்லாத படத்தாளொன்றை விரித்து வைத்து, தந்தையார் ஒரு மாலைப்பொழுதில் அதனைப் பூட்டி முடிக்கின்றார். பின்னர் தாமே ஏறி அமர்ந்து, “என்னைத் தாங்குவது பிள்ளையைத் தாங்காதா?” என்கின்றார்.

இச்சோதனை போதாது. நேர்கீழாக இறங்கும் பாரத்தைக் கால்கள் தாங்கிவிடும். பிள்ளை புரளும்போதும் ஏணியில் ஏறும்போதும் எழுவதோ பக்கவாட்டு ஆட்டம். நான்கு ஈர்க்குகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள்; சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது ஈர்க்கொன்றைக் கட்டினால் அசையாது. மரப்படலை தொங்காதிருக்கத் தச்சர் அதிலே கோணமாக ஒரு சட்டம் அறைவதும் இதனாலேயே. உயரக் கட்டிலின் பின்புறத்திலும் ஒரு பக்கத்திலும் அத்தகைய சட்டம் வேண்டும். சுவரோடு பிணைப்பது இன்னும் நன்று. ஆனால் ஆணி சாந்துப்பூச்சில் நின்றுவிடாது கல்லுக்குள் இறங்க வேண்டும்.

பூட்டும்போது திருகாணிகளை முதலில் தளர்வாகவே விடுக. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, அவை சமமான பின்னரே இறுக்குக. ஒரு மாதம் சென்றபின் மீண்டும் இறுக்குதல் அவசியம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாயின், அடிக்கடி கழற்றிப் பூட்டத் துளை தேய்ந்து பிடிப்பற்றுப் போகும்.

இனி, விழுதலும் சிக்குதலும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள் இவ்வகைக் கட்டில்களுக்குத் தெளிவான அளவுகளைக் கூறுகின்றன. மெத்தையின் மேற்பரப்பிலிருந்து தடுப்புச் சட்டம் 5 அங்குலமாவது உயர்ந்திருத்தல் வேண்டும். வீட்டிலிருந்த பழைய தடித்த மெத்தையை மேலே இட்டால், அவ்வுயரம் சொல்லாமலே குறைந்துவிடும். இதனைப் பலர் கவனிப்பதில்லை. தடுப்பின் இடைவெளிகள் மூன்றரை அங்குலத்தை மிஞ்சலாகாது. மிஞ்சினால் குழந்தையின் உடல் நழுவி வெளியேற, தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். சுவர்ப்பக்கத்திலும் தடுப்பு வேண்டும். சுவரே காவலென்று எண்ணற்க. ஆறு வயது நிரம்பாத பிள்ளையை மேலே படுக்க விடுவதும் தகாது. அண்ணன் மேலே உறங்கத் தம்பி கீழே அழுவான், அழட்டும்.

நம் நாட்டிற்கே உரிய இரண்டு ஆபத்துகள் எந்தப் படத்தாளிலும் இரா. ஒன்று நுளம்பு வலை. அதன் கயிறு படுக்கையருகே தொங்கினால் பிள்ளையின் கழுத்தில் சுற்றக்கூடும். கூரையோடு உயர்த்திக் கட்டுங்கள். மற்றையது கூரை மின்விசிறி. கட்டிலின்மேல் எழுந்து நிற்கும் பிள்ளை கையை நீட்டினால் அதன் இறகு எட்டுமோ என்று, விசிறியை நிறுத்திவிட்டு, நீங்களே ஏறி அளந்து பாருங்கள். எட்டுமாயின் கட்டிலை நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லையேல் அவ்விசிறியைக் கழற்றிச் சுவர்விசிறி பொருத்துங்கள். அதற்கும் வழியில்லையாயின் அந்த அறைக்கு உயரக் கட்டில் ஆகாது.