ஓய்வு சோம்பல் அல்ல
(மாற்றுத் திறனாளிகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இளம்பிள்ளை வாதம் ஒழிந்துவிட்டது என்கிறார்கள். உண்மைதான். இயற்கையாகப் பரவும் கிருமியால் நம் நாட்டில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்துவிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் நோய்தான் போயிற்றே தவிர, நோய் தொட்ட நாம் இங்கேதான் இருக்கிறோம். நமக்கு வயதும் ஆகிறது!

காலிப்பர் போட்டு முப்பது வருஷம் நடந்தோம். இப்போது படி ஏற முடியவில்லை. நல்ல காலும் வலிக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் "வயசாச்சில்ல?" என்கிறார்கள். இளம் டாக்டர்கள் பலர் இந்த நோயைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களை நொந்து பயனில்லை.

விஷயம் இதுதான். தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பு அணுக்கள் பலவற்றைக் கிருமி கொன்றது. மிஞ்சியவை கிளைவிட்டு, அனாதையான தசை நார்களையும் சேர்த்துச் சுமந்தன. ஆலையில் பாதிப் பேரை வெளியேற்றிவிட்டு, இருப்பவர் தலையில் இரட்டைத் தறியைக் கட்டினால் என்ன ஆகும்? கொஞ்ச காலம் ஓடும். பல பத்தாண்டுகள் கழித்து அந்த அணுக்கள் ஓய்ந்து விழுகின்றன. இது மறுபடி வந்த தொற்றல்ல. பிறருக்குப் பரவவும் செய்யாது. ஆனால் குணமாக்கும் மருந்தும் இல்லை.

"மற்றவனைவிட அதிகமாய் உழைத்துக் காட்டு!" என்றே நம்மை வளர்த்தார்கள். காட்டினோம். ஊர்வலத்திலும் பின்தங்கியதில்லை. அதில் பெருமை உண்டு, மறுக்கவில்லை. அந்தப் பெருமைதான் இன்று நம்மைச் சக்கர நாற்காலியில் உட்கார விடவில்லை. இதைப் பேசும் நாமே இரண்டு வருஷம் அந்த நாற்காலியில் துணி காயப்போட்டு வந்தோம்! இரண்டு முறை விழுந்த பிறகுதான் துணியை எடுத்தோம்.

வலித்த பிறகு உட்காருவதல்ல, வலிக்கும் முன்பே உட்கார வேண்டும். ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து தரும் டாக்டரிடம் போலியோ வந்ததை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீத ஊனம் கேட்கிறார்கள். இருபது வயதில் எழுதிய சதவீதத்தையே ஐம்பதிலும் ஏன் வைத்திருக்கிறோம்? பலம் குறைந்திருந்தால் மறு மதிப்பீடு கேட்போம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்பு உதவி மற்றவர்களுக்குத் தருவதைவிட நமக்கு 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. நம் கைக்கு வருவது அப்படியா என்று கணக்குப் பார்ப்போம்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் சான்றிதழோடு வாருங்கள். மாடியில் அல்ல, கீழேயே கூடுவோம்.